நான் விடாமல் அடிக்கச் சொன்ன மணி

மூன்று சபைக்காரர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது சுலபம். மேசைமேல் சூடாக வாழைக்காய் பஜ்ஜி இருந்தால் போதும். அந்த மூவரையும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்ய வைப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான காரியத்தை நான் செய்து காட்டினேன். காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கடற்கரை ஊரையே கதறவும் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் சமூகப்பணியில் முதுகலை முடித்திருந்தேன். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, உலகத்தை எந்தப் பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ("துவைச்ச துணிய எடுத்துட்டு வா, அங்கேயிருந்து ஆரம்பி" என்பாள் அம்மா.) அந்தச் சமயம் பார்த்து எங்கள் புராட்டஸ்டண்ட் சபைப் போதகர் என்னைக் கூப்பிட்டார். திருச்செந்தூர் பக்கத்து மீனவ ஊர் ஒன்றின் கத்தோலிக்கப் பங்குச் சாமியார், அதே பக்கத்தில் ஜெப வீடு நடத்தும் பெந்தெகொஸ்தே பாஸ்டர், எங்கள் போதகர் மூவருமாக ஒரு கூட்டுக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். ஓடியாடி வேலை செய்ய ஓர் ஆள் வேண்டும். நான் அவர் வாக்கியத்தை முடிக்குமுன் செருப்பை மாட்டிவிட்டேன்.

(அந்த ஊரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடிக்க வருவார்கள். இதில் மிகை ஒன்றும் இல்லை.)

விஷயம் இதுதான். அந்த ஊரைக் கடல் தின்றுகொண்டிருந்தது. வலை வைக்கும் கொட்டகையில் பாதி போய்விட்டது. அடுத்து முதல் வரிசை வீடுகள். வரிசையில் முதல் வீடு செல்வராணி அக்காவுடையது. வாசலில் நின்றால் அலை காலை நனைக்கும். ஊர் கேட்டது தூண்டில் வளைவு. கடலுக்குள் பாறைக் கற்களைக் கொட்டித் தூண்டில் முள்போல வளைத்துக் கட்டும் சுவர் அது; அலையின் வேகம் அதிலே உடைந்துபோகும். பங்குச் சாமியார் தனியாக மனு கொடுத்தார். பாஸ்டரும் கொடுத்தார். எங்கள் சபை உப்பளத் தொழிலாளர்கள் நிறைந்தது. மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது, அதற்கு உதவித்தொகை கேட்டு எங்கள் போதகரும் கொடுத்தார். எல்லா மனுவையும் அலுவலகத்தில் ஒரே கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள் என்று தோன்றியபோதுதான் மூவருக்கும் புத்தி வந்தது. கல்லுக்கு உப்பளத்தார் வந்து நிற்க வேண்டும், உதவித்தொகைக்கு மீனவர்கள் வந்து நிற்க வேண்டும். என்ன அருமையான யோசனை! எனக்குப் புல்லரித்தது.

ஆனால் முதல் கூட்டத்தில், ஜெபத்தை யார் தொடங்குவது என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே காபி ஆறிவிட்டது. கடைசியில் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வதென்று முடிவாயிற்று. ஒருவர் "விண்ணகத்தில்" என்று தொடங்க, ஒருவர் "பரமண்டலங்களில்" என்று தொடங்க, பாஸ்டர் நடுவில் சொந்தமாக நாலு வரி சேர்த்துக்கொள்ள, ‘ஆமென்’ மூன்று தவணையாக வந்து சேர்ந்தது. குழுவுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு என்னுடையது. ‘கடலோர ஒருங்கிணைந்த கிறிஸ்தவ சமூக நீதி மற்றும் பொதுக்கொள்கைக் கூட்டு இயக்கம்’ என்று வைத்தேன். பேனர்காரர் போனில், "தங்கச்சி, இத எழுதுனா கோரிக்கைக்கு எடம் இருக்காது" என்றார். கோரிக்கையைக் குறைத்துக்கொண்டோம்.

அப்புறம் வந்தது நல்ல செய்தி. கடலரிப்பைப் பார்வையிட ஓர் அதிகாரி வருகிறார், புதன்கிழமை காலை. எந்தெந்த ஊருக்குக் கல் என்று அவர் எழுதப்போகும் அறிக்கையில் அந்த ஊர் இருந்தால் பிழைத்தது. இல்லையென்றால் அடுத்த மழைக்குள் செல்வராணி அக்கா வீடு கடலுக்கு.

"அவர் ஜீப் ஊருக்குள்ள திரும்புற நேரம், எல்லாச் சபை மணியும் ஒண்ணா அடிக்கணும். நீதியின் மணி!" என்றேன் நான். கையை மேலே தூக்கி வேறு சொன்னேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வரலாற்றில் முதல்முறையாக யாரும் திருத்தம் கேட்கவில்லை.

"எங்க ஜெப வீட்டுல மணி கெடையாதே தங்கச்சி" என்றார் பாஸ்டர் வருத்தத்தோடு.

"டிரம்ஸ் இருக்குல்லா?"

அவர் முகம் மலர்ந்தது.

பங்குச் சாமியார் மட்டும், "ஊர்ல முன்னாடியே அறிவிக்கணும்மா. அது ரொம்ப முக்கியம்" என்றார்.

"அத என்கிட்ட விட்ருங்க பாதர்!"

விட்டார். பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நல்ல சேலை கட்டி அந்த ஊர்க் கோயிலுக்குப் போய் இறங்கினேன். எங்கள் சபையில் ஆராதனை ஒன்பது மணிக்குத்தான். உலகத்துக் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் ஒன்பது மணிக்குத்தான் என்று நான் நினைத்தேன். கடற்கரை ஊரில் பூசை விடியலில் முடிந்து, ஊரே மீன்குழம்பும் இட்லியும் தின்று இரண்டாம் தூக்கத்தில் இருந்தது. கோயிலில் ஜெபமாலை உருட்டியபடி மூன்று பாட்டிகள். விடுவேனா? ஒலிபெருக்கி இல்லாமலே அறிவிப்பு முழுவதையும் படித்தேன். நான் ஒரு வாக்கியம் முடித்ததும் அவர்கள், "அர்ச்சிஷ்ட மரியாயே..." என்று தலையாட்டினார்கள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். கூடுதல் பாதுகாப்புக்கு ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். (தினமும் விடியலில் ரோஜாப்பூ படத்தோடு வசனம் போடுகிறாளே என்று குழுவில் பாதிப் பேர் என்னை எப்போதோ ஊமையாக்கி வைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.)

புதன்கிழமை வந்தது. பங்குச் சாமியாரும் எங்கள் போதகரும் அதிகாரியை எதிர்கொள்ள மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மணிக்கூண்டின் கீழே. மேல்தட்டில் கயிற்றைப் பிடித்தபடி கோயில்பிள்ளை அந்தோணி அண்ணன். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்பவர்.

"எவ்வளவு நேரம் அடிக்கணும் தங்கச்சி?"

"விடாம அடிங்கண்ணே."

"விடாமலா?" கயிற்றை விட்டுவிட்டு என்னை எட்டிப் பார்த்தார். "ஊருக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு!"

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்! நீங்க அடிங்கண்ணே, கை வலிச்சாலும் விட்ராதீங்க!"

அடித்தார். என்ன ஒரு ஓசை! எங்கள் சபை மணியும் எங்கள் ஊரில் அடித்திருக்கும்; அவ்வளவு தூரம் கேட்கத்தான் காது இல்லை. ஜெப வீட்டிலிருந்து டிரம்ஸ் முழங்கியது. ஒரு கதவு திறந்தது. அப்புறம் பத்துக் கதவு. அப்புறம் தெருவே திறந்தது! மாவுக் கையோடு பெண்கள் ஓடி வந்தார்கள். சோப்பு நுரையோடு ஒருவர் ஓடினார். ஏலக்கூடத்தில் மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ‘மக்கள் எழுச்சி’ என்று புத்தகத்தில் படித்தது இதோ கண்ணெதிரே! எனக்கு ஆனந்தக் கண்ணீர். போனை எடுத்து வீடியோ பிடித்தேன். "வாங்க, வாங்க! பயப்படாம வாங்க!" என்று கத்தவும் செய்தேன். (அந்த வீடியோ இன்றும் இருக்கிறது. அம்மா விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டுவாள்.)

ஆனால் ஒருவரும் பேனர் பக்கம் வரவில்லை. எல்லோரும் கடலுக்கு ஓடினார்கள்.

செல்வராணி அக்கா என் கையைப் பிடித்தாள். "யாருளா? யாரக் காணும்?"

"என்னக்கா?"

"மணி அடிக்காவளே! கடல்ல யாரக் காணும்? எங்க வீட்டுக்காரரு காலைல போனவரு. சொல்லுளா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் பூசைக்கு ஒரு மணி, துக்கத்துக்கு ஒரு மணி. நேரங்கெட்ட நேரத்தில் விடாமல் அடித்தால் ஒரே அர்த்தம்தான்: கடலில் ஆளைக் காணோம், ஓடிவா.

"அண்ணே, நிறுத்துங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். அந்தோணி அண்ணனுக்கு மணிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கை வலித்தாலும் விடாதே என்றல்லவா சொல்லியிருந்தேன்? விசுவாசமான மனிதர்.

தினமும் தொழிலுக்குப் போகும் படகுகள் பக்கத்து ஊர்க் கரையில்தான் நிற்கும்; இங்கே மிஞ்சியிருந்த ஒரு பைபர் படகைக் கடலில் இறக்கப் பார்த்தார்கள். கரை இருந்தால்தானே இறக்க? மணல் எல்லாம் போய், ஆளுயரத்துக்குச் செங்குத்தாக அறுந்து நின்றது. அதன் கீழே இடிந்த கொட்டகையின் கல்லும் கம்பியும். "ஏலே தள்ளுங்கலே! மூக்கத் தூக்கு, மூக்கத் தூக்கு!" நாற்பது தோள் கொடுத்தும் படகு மேட்டு விளிம்பில் தொங்கியதே தவிர இறங்கவில்லை. அதற்குள் பாஸ்டர் டிரம்ஸை விட்டுவிட்டு ஓடிவந்து, காணாமல்போன சகோதரனுக்காக உரத்த குரலில் ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். எந்தச் சகோதரன் என்று அவருக்கும் தெரியாது.

தள்ளுகிற கூட்டத்தில் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிய ஓர் அந்நிய முகம். பளபளக்கும் ஷூ. அதிகாரி! ஜீப்பில் இருந்து குதித்து நேரே ஓடி வந்திருக்கிறார், பின்னாலேயே பங்குச் சாமியாரும் எங்கள் போதகரும். அடுத்த அலையில் ஒரு ஷூ போயிற்று. மனிதர் கவனிக்கவில்லை; தள்ளினார்.

அப்போது கடலில் இருந்து நாலைந்து படகுகள் முழுவேகத்தில் கரையை நோக்கி வந்தன. கரையில் இருந்து போன் போயிருக்கிறது. முன்னால் வந்த படகில் செல்வராணி அக்காவின் வீட்டுக்காரர் எழுந்து நின்று கையை வாயருகே குவித்தார்.

"யாரக் காணும்?"

கரையில் இருந்து பதில் போயிற்று. "ஒன்னயத்தாம்லே தேடுதோம்!"

"நான் இங்கனதான இருக்கேன்?"

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் கேட்டார்கள், யாரைக் காணோம் என்று. எண்ணிப் பார்த்தால் எல்லோரும் இருந்தார்கள். செல்வராணி அக்கா மணலில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். மணியும் ஒருவழியாக நின்றது.

"எவம்லே மணி அடிக்கச் சொன்னது?" என்றார் ஊர்த் தலைவர்.

இறங்கி வந்த அந்தோணி அண்ணன் கையைத் தூக்கி என்னை நோக்கி நீட்டத் தொடங்கினார். அது பாதி வழியில் இருந்தபோதே பங்குச் சாமியார் முன்னால் வந்தார்.

"நாந்தான் அடிக்கச் சொன்னேன்."

எங்கள் போதகர் அவர் பக்கத்தில் போய் நின்றார். "அவர் மட்டுமில்ல. தீர்மானம் எங்க மூணு பேரோடதும்."

"ஆமென்" என்றார் பாஸ்டர். பிறகு யோசித்து, "டிரம்ஸ் என்னோடது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் கூட்டு இயக்கத்தின் முதல் கூட்டறிக்கை அதுதான். ஜெபத்தை யார் தொடங்குவது என்று தயங்கியவர்கள் பழியை ஏற்க முந்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் பேனருக்குப் பின்னால் ஒளிந்திருக்க முடியுமா? "மூணு பேரும் பொய் சொல்லுதாங்க. ஊருக்குச் சொல்லுதேன்னு சொல்லிட்டுச் சொல்லாம விட்டது நான்" என்றேன். அழுகையில் பாதி வார்த்தைதான் வந்திருக்கும்.

செல்வராணி அக்கா எழுந்து என் முன்னால் வந்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏளா, கண்ணத் தொற. அந்தக் கல்லு வரட்டும், அன்னைக்கு ஒன்ன மன்னிக்கேன். அதுவரைக்கும் எங்கன பாத்தாலும் வைவேன்."

அதிகாரி ஒற்றை ஷூவோடு, விளிம்பில் தொங்கிய படகையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் பையில் இருந்த பதினோரு பக்கக் கொள்கை அறிக்கையை எடுக்கப் போனேன். போதகர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"நெஜமாவே ஒரு ஆளக் காணும்னா," என்றார் அதிகாரி மெதுவாக, "இந்தப் படகு எப்போ எறங்கியிருக்கும்?"

படகு இன்னும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அறிக்கையில் ஊர் சேர்ந்தது. உடனே கல் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி வருமா? மூன்று சபையும் சேர்ந்து எத்தனையோ அலுவலகப் படிகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது; உப்பளத்துப் பெண்கள் கல்லுக்காகவும், மீனவப் பெண்கள் உதவித்தொகைக்காகவும் ஒரே வேனில் வந்தார்கள். அத்தனை நாளும் செல்வராணி அக்கா சொன்ன சொல் மாறாமல் என்னை வைதாள். வேனில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வைதாள், முறுக்கைக் கையில் கொடுத்துவிட்டும் வைதாள். ஒருநாள் போன் வந்தது. "லாரி வந்துட்டு ளா" என்றாள். வையாமல் போனை வைத்துவிட்டாள்.

குழுவில் இன்றும் என்னை வைத்திருக்கிறார்கள், ஒரே நிபந்தனையோடு: எந்தச் சபையின் மணிக்கயிற்றையும் நான் நெருங்கக் கூடாது. ஊருக்குள் நுழைந்தால், "மணியக்கா வாரா, கோயில் சாவிய எடுத்து வைங்க" என்பார்கள்.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம், எங்கள் சபை ஆலயத்தில். பங்குச் சாமியாரும் பாஸ்டரும் முன்வரிசையில். பின்னால் அந்த ஊரே வேன் பிடித்து வந்திருந்தது. போதகர் எங்களைக் கணவன் மனைவி என்று அறிவித்தார். மணி அடித்தது. ஆலயம் முழுவதும் பக்தியான அமைதி.

பின்வரிசையில் இருந்து, கடலில் நிற்கும் படகுக்குக் கேட்கிற குரலில் செல்வராணி அக்கா கேட்டாள்.

"யாரக் காணும்?"

"மாப்பிளையத்தான்!" என்றார் அவள் வீட்டுக்காரர். "இனி தேடிப் பிரயோசனம் இல்ல!"

ஆலயம் அதிர்ந்தது. என் கணவர் சிரித்தார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பலிபீடத்தருகே போதகர், முன்வரிசையில் பங்குச் சாமியார், பாஸ்டர். ஒரு ஜெபத்தைக்கூட ஒன்றாக முடிக்கத் தெரியாத அந்த மூவரும், அன்றைக்கு ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கி, ஒரே நேரத்தில் மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினார்கள்.