சொல் தவறாத கர்னல்

இங்கிலாந்தின் பெருமையைத் தாங்கி நிற்பவை மூன்று: கடற்படை, மாட்டிறைச்சி, கர்னல் ஆப்ரி பிரபுவின் சொல். முதல் இரண்டும் எப்போதாவது கெட்டுப்போனதுண்டு.

ஒரு டியூக்கின் மூன்றாம் மகனான அவர், தந்தையின் நிலத்தால் நாடாளுமன்றத் தொகுதியையும் தந்தையின் பணத்தால் படைப்பிரிவையும் ‘வென்றவர்’. பதினான்கு ஆண்டுகளாக ஓட்டெடுப்பு எதற்கும் அவர் போனதில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் ஸர் ஹம்ஃப்ரியோடு ஓர் ஏற்பாடு: நீயும் போகாதே, நானும் போகவில்லை, இரண்டு ஓட்டும் சரிக்குச் சரியாகிவிடும். நரிவேட்டைக்கும் நேரம் வேண்டுமல்லவா?

அன்று காலை பணியாள் ஜாப் டிம்ஸ் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ராணுவத்தில் சவுக்கடியை ஒழிக்கும் மசோதா அன்றுதான் ஓட்டெடுப்புக்கு வந்தது. டிம்ஸின் மகன் ரூபன் கர்னலின் படையில் சிப்பாய். காவலில் தூங்கியதற்காக அவனுக்கு ஐம்பது சவுக்கடி காத்திருந்தது.

“பதினோரு மணி ரயிலைப் பிடிச்சா போயிடலாம், எஜமான். ஓட்டுப் போடறேன்னு என்கிட்ட சொன்னீங்க.”

“சொன்னேன்தான், டிம்ஸ். ஆனா போகமாட்டேன்னு ஹம்ஃப்ரிகிட்ட அதுக்கு முன்னாடியே சொல்லியாச்சே.”

“அவர் செத்து மூணு வருஷம் ஆச்சுங்க.”

டிம்ஸின் கத்தி கர்னலின் தொண்டையருகே நின்றிருந்தது.

“அதான் சங்கடம். உயிரோட இருந்தா கடுதாசி போட்டு அனுமதி கேட்டிருப்பேன்.”

“அவர் இடத்துக்கு வந்தவரு தவறாமப் போயி, அடிக்கணும்னே ஓட்டுப் போடறாருங்க.”

“அந்த சோப்பு வியாபாரிகிட்ட நான் எதுவும் பேசிக்கலையே.”

“அப்போ தண்டனையையாவது குறைங்க எஜமான். உத்தரவுல இருக்கறது உங்க கையெழுத்துதானே.”

“கையெழுத்துன்னா சொல்லைவிட ஒரு படி மேல, டிம்ஸ். வலது கன்னத்துல இன்னும் சொரசொரப்பு இருக்கு பாரு.”

மசோதா ஒரே ஓட்டில் தோற்றது. வியாழக்கிழமை ரூபனுக்கு விழுந்த ஐம்பதில் ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தக் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை.

அடுத்த வாரம் ஸர் ஹம்ஃப்ரியின் விதவையிடமிருந்து கடிதம் வந்தது. இறந்த நண்பருக்குக் கொடுத்த சொல்லை இப்படிக் காத்தவர் உலகில் வேறு யாருமில்லை என்று எழுதியிருந்தார். கர்னலுக்குக் கண் கலங்கியது. அதை டிம்ஸிடம் உரக்கப் படித்துக் காட்டினார்.

“கீழே வேலைக்காரங்க என்னைப் பத்தி என்ன பேசிக்கறாங்க, டிம்ஸ்?”

டிம்ஸ் தேநீரை ஊற்றி முடித்தார்.

“அதேதாங்க எஜமான். நீங்க கொடுத்த சொல்லு நிக்கணும்னா, வாங்கினவன் செத்திருக்கணும்கறாங்க. நாப்பதாவது அடியில என் பையனும் கிட்டத்தட்ட அந்தத் தகுதிக்கு வந்துட்டான்.”