ஓர் ஈப்பிடிப்பானும் காணாமல்போன என் குடும்பமும்

கல்யாணமாகிப் பத்து வருடம் வரைக்கும் என் மனைவியின் போன் நம்பர் எனக்குத் தெரியாது. இதை நானாக யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. காந்தலூருக்குப் பக்கத்தில் ஒரு வனத்துறைச் சோதனைச் சாவடியில், முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் நின்று சொல்ல வேண்டி வந்தது. (இப்போது தெரியும். பின்னாலிருந்து முன்னாலும் சொல்வேன்.)

பாலக்காட்டு எல்லையில், கோவிந்தாபுரம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கிற வேலை எனக்கு. விடியும்போதே போய் உட்கார்ந்து, யார் பாலில் கொழுப்பு எவ்வளவு, யார் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப்பேர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அப்படிப்பட்டவனிடம் கோயமுத்தூரில் இருக்கும் பெரியப்பா மகன் தன் பழைய கேமராவைக் கொடுத்தான். கூடவே சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸ். ஆறே மாதத்தில் வாட்ஸப்பில் என் பெயருக்குக் கீழே ‘இயற்கைப் புகைப்படக் கலைஞர்’ என்று போட்டுக்கொண்டேன். அதுவரை நான் எடுத்திருந்தவை மைனா, காக்கா, எங்கள் ஊட்டுக் கொய்யா மரத்து அணில்.

அந்த வருடம் மே மாதம் பாலக்காட்டு வெயில் மனிதர்களைச் சுண்ட வைத்துக்கொண்டிருந்தது. கேரள மலையிலிருக்கும் காந்தலூருக்கு மூன்று நாள் போய் வரலாம் என்றேன். என் மனைவி சுகந்திக்கு ஒரே சந்தோஷம். பிளம்ஸ் பழுக்கிற காலம், ஓடையில் கால் நனைக்கலாம், ஏழு வயது மகள் இனியா குளிரில் ஒரு ஸ்வெட்டர் போட்டுப் பார்ப்பாள். சுகந்தி மனதில் இருந்த பயணம் அது. என் மனதில் இருந்தது கறுப்பும் ஆரஞ்சுமாக, சிட்டுக்குருவியைவிடச் சின்னதாக ஓர் ஈப்பிடிப்பான் குருவி. அந்தப் பக்கத்துச் சோலைக் காடுகளில் கிடைக்கும் என்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியைத் திறந்து துணிகளைச் சோதித்தேன். பறவைகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். சுகந்தி ஆசையாக எடுத்து வைத்திருந்த ரோஸ் சுடிதாரை வெளியே எடுத்துவிட்டு, ஊட்டு வேலைக்குப் போடுகிற மண் நிறச் சுடிதாரை வைத்தேன். பாப்பாவுக்குக் காய்ந்த இலை நிறத்தில் ஒரு கவுன். எனக்கு உடுமலையில் வாங்கிய ராணுவப் புள்ளிச் சட்டை. பாப்பாவின் கொலுசைக் கழற்றச் சொன்னேன். சத்தம் போடும் என்பதால்.

“அப்பா, நாம ஒளிஞ்சு வெளையாடப் போறமாங்ப்பா?” என்று கேட்டாள் இனியா.

“ஆமா சாமி. சத்தமே போடக் கூடாது.”

அவள் அதை மனதில் வாங்கிக்கொண்டாள். அவள் எவ்வளவு ஆழமாக வாங்கிக்கொண்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் ஈப்பிடிப்பான் கிடைக்கவில்லை. அதனால் கிடைத்ததையெல்லாம் எடுத்தேன். காளான், பாசி, பட்டாம்பூச்சி, பாதி தின்ற பிளம்ஸ் பழம். ஒரு தோட்டத்தில் மரம் முழுக்கச் சிவப்பாகக் காய்த்துக் கிடந்தது. சுகந்தி அதன் கீழே போய் நின்று தலையைச் சரிசெய்துகொண்டு, “ஏனுங்க, இங்க என்னையும் பாப்பாவையும் ஒரு போட்டோ எடுப்பீங்களா?” என்றாள்.

“இது குருவி லென்ஸு சுகந்தி. பக்கத்துல நின்னா மூக்கு மட்டுந்தான் விழுகும். நாப்பதடி தள்ளிப் போ.”

அவள் நிஜமாகவே பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பது அடி தள்ளிப் போனாள். வரப்பைத் தாண்டி, பூண்டுப் பாத்தியை மிதிக்காமல் சுற்றிப் போய், அங்கே நின்று திரும்பினாள். அதற்குள் ஒரு நீலப் பட்டாம்பூச்சி வந்துவிட்டது. நான் அதன் பின்னால் போய்விட்டேன். அவள் எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

இரண்டாம் நாள் காலை, தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஏறும் ஒற்றையடிப் பாதையில் போனோம். சோலையின் ஓரம், ஒரு ஓடை, குறுக்கே விழுந்து கிடந்த ஒரு மரம். அந்த மரத்துக்குப் பின்னால் நான் குத்தவைத்து உட்கார்ந்தேன். பத்தடி பின்னால் ஒரு பாறையில் அவர்கள் இருவரையும் உட்கார வைத்தேன். என் போனை அணைத்து சுகந்தியின் பையில் போட்டேன். அது அடித்துத் தொலைத்தால் குருவி பறந்துவிடும் அல்லவா. நேரம் ஏழே முக்கால்.

அரை மணி நேரம் கழித்து அது வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, வாலை லேசாக ஆட்டிவிட்டு, புதருக்குள் போனது. மறுபடியும் வரும் என்று எனக்குத் தெரியும். மூச்சைக்கூட அளந்து விட்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து சுகந்தி கூப்பிட்டாள்.

“ஏனுங்க.”

நான் திரும்பாமல் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினேன். பொறு என்று அர்த்தம்.

“ஏனுங்க, பாப்பாவுக்கு…”

மறுபடியும் கையைத் தூக்கினேன். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. (போக்குவரத்துப் போலீஸ் லாரியை நிறுத்துகிற மாதிரி இருந்திருக்கும்.)

அதற்குப் பிறகு பின்னால் சத்தமே இல்லை. எவ்வளவு நல்ல குடும்பம் நமக்கு அமைந்திருக்கிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது.

இன்னும் முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஈப்பிடிப்பான் திரும்பி வந்தது. அதே கிளை. இலைகளின் இடைவெளியில் ஒரு துண்டு வெயில் சரியாக அதன் மேல் விழுந்தது. பதினாறு படம் எடுத்தேன். கேமராவின் திரையைக் காட்டிக்கொண்டே, “சுகந்தி, இதப் பாரு” என்று திரும்பினேன்.

பாறை காலியாக இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. சொல்லாமல் ரூமுக்குப் போய்விட்டார்கள் என்று. இறங்கிப் போனேன். ரூம் பூட்டியிருந்தது. ரூம் சாவியும் கார் சாவியும் சுகந்தியின் பையில் இருந்தன. வீட்டுக்காரர்கள் எல்லோரும் பழம் பறிக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். மறுபடியும் மேலே ஓடினேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காலையிலிருந்து கிசுகிசுத்தே பேசியிருந்ததால் தொண்டை அடைத்துக்கொண்டு, சத்தம் கீச்சென்று வந்தது. ஓடைக்கரை ஈரத்தில் காட்டுமாட்டின் குளம்படி இருந்தது. கொஞ்சம் தள்ளிச் சாணம். குனிந்து பார்த்தால் அதில் இன்னும் ஆவி பறந்தது. அதற்குப் பிறகு அங்கே நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல முடியவில்லை. சோதனைச் சாவடி வரைக்கும் ஓடியிருக்கிறேன். எவ்வளவு தூரம் என்றுகூடத் தெரியாது.

அங்கே மூன்று பேர் இருந்தார்கள். பெரியவராக இருந்த வாட்சர் முருகையா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்.

“பதறாதீக சார். கடைசியா எத்தன மணிக்குப் பாத்தீக?”

“ஏழே முக்காலுக்குங்க.”

“இப்ப மணி ஒம்பதரை ஆவப்போவுது. நடுவுல எங்க போயிருந்தீக?”

“அங்கயேதானுங்க இருந்தேன். பத்தடி தள்ளி.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நோட்டை எடுத்தார்.

“வீட்டம்மா நம்பர் சொல்லுங்க.”

அங்கேதான் நான் ஒப்புக்கொண்டேன். என் நம்பர் தெரியும் என்றேன். அவரே அடித்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. அணைத்தது நான்தான்.

“சரி, என்ன உடுப்பு போட்டிருந்தாக?”

“மண்ணு கலர் சுடிதாருங்க. கொழந்த காஞ்ச எலைக் கலர்ல கவுனு.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. “காட்டுக்குள்ள தேடணும் சார். கண்ணுக்குத் தட்டுப்படுற மாதிரி துப்பட்டா, ரிப்பன், ஏதாச்சும்?”

“இல்லீங்க.”

“பிள்ள காலுல கொலுசு கெடக்கா? சத்தம் வச்சுத் தேடலாம்.”

“கழட்டிட்டேனுங்க.”

என் மனைவியையும் மகளையும் காட்டுக்குள் யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒவ்வொன்றாக நானே ஏற்பாடு செய்திருந்தேன். இவ்வளவு ஒழுங்காக வாழ்க்கையில் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

“போட்டோ இருக்குமே?” என்றார் முருகையா, என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்து. அவர் குரலில் அப்போதுதான் ஒரு நம்பிக்கை வந்தது. “இம்மாம் பெரிய கேமரா வச்சிருக்கீகளே.”

மூன்று பேரும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஈப்பிடிப்பான். ஈப்பிடிப்பான். இலை. காளான். குருவியின் பின்பக்கம். பட்டாம்பூச்சி. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு படம். ஒன்றில் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. பிளம்ஸ் வைத்திருக்கும் கை. சுகந்தியின் கைதான், வளையலை வைத்துச் சொன்னேன். இன்னொன்றில் மங்கலாக ஒரு சின்ன முதுகு. குருவியை விரட்டிவிட்டாள் என்று அந்தப் படத்துக்காக நான் அவளைத் திட்டியிருந்தேன்.

முருகையா கடைசிப் படம் வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார்.

“மொகம் ஒண்ணுகூட இல்லையே சார்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் இரண்டு பேரை ஓடைப் பக்கம் அனுப்பிவிட்டு, ஜீப் ஸ்டாண்டுக்குப் போன் போட்டார். உடுப்பு, வயது எல்லாம் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“மொகம் வீங்குன பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒரு அம்மா ரோட்டுக்கு ஓடிவந்தாகளாம். பழம் ஏத்தப் போன ஜீப்பு ஆஸ்பத்திரில எறக்கி விட்டுருக்கு. ஏறுங்க வண்டியில.”

நடந்தது இதுதான். பாறைக்குப் பக்கத்தில் ஒரு குளவிக்கூடு இருந்திருக்கிறது. இனியாவின் உதட்டிலும் கண்ணுக்குக் கீழேயும் கழுத்திலும் மூன்று குளவிகள் கொட்டிவிட்டன. அவள் கத்தவில்லை. சத்தம் போடக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தாரே. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் விட்டிருக்கிறாள். உதடு தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்ததும்தான் சுகந்தி பார்த்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் ஜீப்பிலிருந்து குதித்தபோது, மலையாளத்து நர்ஸ் ஒருவர் எதிரே வந்தார். புள்ளிச் சட்டையையும் லென்ஸையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மோளுடெ அச்சனாணோ?” என்றார், பிள்ளையின் அப்பாவா என்று. தலையாட்டினேன்.

“குருவி போயோ?”

அவர் கேலி செய்யவில்லை. குருவி போய்விட்டதா என்று அக்கறையாகத்தான் கேட்டார். ஊசி போடும்போது, அப்பா எங்கே என்று அவர் கேட்டதற்கு சுகந்தி சொன்ன பதில்: “குருவி இன்னும் பறக்கலீங்க. பறந்ததும் வந்துருவாரு.”

உள்ளே கட்டிலில் இனியா உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. உதடு ஒரு பக்கம் பன் மாதிரி உப்பியிருந்தது. மூச்சு சீராகிவிட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

“அப்பா” என்றாள் இனியா, அந்த வாயோடு. “நான் சத்தமே போடலீங்ப்பா.”

பெருமையாகச் சொன்னாள். நான் அவள் கட்டிலின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பால் பரிசோதிக்கிற இருபது வருடத்தில் எத்தனையோ பேர் என் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அவளுக்குத் தெம்பு வந்ததும், குருவி படத்தில் விழுந்ததா என்று கேட்டாள். காட்டினேன். நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, “இப்ப என்னைய எடுங்ப்பா” என்றாள். வீங்கின முகத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டுமாம். அந்த அறைக்குள் அந்த லென்ஸில் அவள் மூக்கு மட்டும்தான் விழுந்தது. பின்பக்கமாகவே நடந்து கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, முற்றத்தில் நின்ற ஜீப்பில் முதுகு இடிக்கும் வரை போனேன். நர்ஸ் திரையை விலக்கிப் பிடித்தார். சீட்டு வாங்க நின்றவர்கள் குனிந்து வழிவிட்டார்கள். அந்தப் பயணத்தில் நான் எடுத்த முகம் அது ஒன்றுதான். அதைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். ஈப்பிடிப்பான் எந்தச் சுவரிலும் இல்லை.

சுகந்தி உடுமலை வரும்வரை பேசவில்லை. டீக்கடையில் காரை நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தாள்.

“ரெண்டு தடவ கூப்புட்டனுங்க. மூணாவது தடவ கூப்புட நேரமில்லீங்க.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் நான் எதற்குத் தாமதமாகப் போனாலும், சாப்பிடக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் ஆனாலும், “குருவி பறந்துருச்சுங்களா?” என்று எங்கள் ஊட்டில் ஒருவர் கேட்பார். சொந்தக்காரர்கள்கூடக் கேட்கிறார்கள். இனியா எந்த விருந்தாளி வந்தாலும் சுவர்ப் படத்தைக் காட்டிக் கதை சொல்கிறாள். மூன்று குளவி இப்போது முப்பதை எட்டியிருக்கிறது.

நான்கு வருடமாகிறது. படம் எடுப்பதை விடவில்லை. ஒவ்வொரு கோடைக்கும் மூன்று பேரும் எங்காவது மலைக்குப் போகிறோம். சுகந்தி ரோஸ் சுடிதாரில் வருகிறாள். போன மாதம் போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில், பச்சைக் கொடியில் ஒரு தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. கேமராவைத் தூக்கி, கண்ணை வைத்து, விரலை அழுத்தப் போகிற நேரம்.

“ஏனுங்க.”

கேமராவைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். கழுத்துவார் இல்லையென்றால் லென்ஸ் பள்ளத்தில் போயிருக்கும். தேன்சிட்டு பறந்துவிட்டது.

“என்ன? என்னாச்சு? பாப்பா எங்க?”

இனியா காரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

“ஒண்ணுமில்லீங்க” என்றாள் சுகந்தி. “சும்மா கூப்புட்டுப் பாத்தேன்.”

வருடத்துக்கு நான்கைந்து தடவை இப்படிக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். எப்போதும் குருவி உட்கார்ந்த பிறகுதான் கூப்பிடுவாள். இதுவரை ஒரு தடவைகூட நான் திரும்பாமல் இருந்ததில்லை.