பால்பாண்டியின் மீசையும் டாக் பார்க்கும்

“இந்த எடத்துல ஒரு நாய் கால் வச்சுச்சுன்னா, என் மீசைய எடுத்துர்றேன்!”

செவ்வந்தி நகர் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பால்பாண்டி எழுந்து நின்று இப்படி முழங்கியதும், செயலாளர் ஆன்சி டீச்சர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். மிஷன் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். எதையும் எழுதாமல் விடமாட்டார்.

பால்பாண்டி வீட்டுக்கு நேர் எதிரே பொது இடம் ஒன்று காலியாகக் கிடந்தது. அங்கே வேலி போட்டு, நாய்கள் ஓடியாட ஒரு டாக் பார்க் அமைக்கச் சங்கம் முடிவு செய்திருந்தது. பால்பாண்டி வாடிப்பட்டி ரூட்டில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். எப்பேர்ப்பட்ட சண்டியர் ஏறினாலும் டிக்கெட் கிழிக்காமல் விட்டதில்லை. ஆனால் ஏழு வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவர். நாயைக் கண்டால் இன்றைக்கும் அவருக்கு வயிறு வலிக்கும். அதை வெளியே சொன்னால் அந்த மீசைக்கு என்ன மரியாதை?

“குலைச்சா எப்படித் தூங்குறது?” என்றார்.

“காலைல ஏழுலருந்து எட்டு வரைக்குந்தாண்ணே” என்றார் டீச்சர்.

“வெளிய வந்து கடிச்சா?”

“ஆறடிக்கு வேலி போடுறோம்.”

“அதையும் தாண்டுனா?”

“அப்ப எட்டடி போட்டுருவோம்ணே.”

இவர் வாயைத் திறக்கத் திறக்க நாய்களுக்கு வசதி கூடிக்கொண்டே போனது. மறுநாளே ஆள் வைத்து இடத்திலிருந்த முள்ளை வெட்டிவிட்டார்கள்.

“ஊரோட ஒத்துப் போனாத்தான் என்னவாம்?” என்றாள் மனைவி தங்கப்பொண்ணு.

“ஏன், ஊரு என்னோட ஒத்துப் போகட்டுமே!”

அன்று உச்சிவெயிலில், தெருவே உண்ட மயக்கத்தில் கிடந்த நேரம் பார்த்து, மொபெட்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனார். அங்கே புங்கமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் தனியாக நின்றது. ஆட்டிப் பிடுங்கினார். அதன் அடிப்பக்கத்தில் யாரோ பச்சைப் பெயிண்டால் கோணல்மாணலாக ஒரு பூ வரைந்திருந்தார்கள். கொண்டுவந்து, அந்தப் பூ மண்ணுக்குள் மறையும்படி ஆழமாக நட்டார். மேலே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துண்டைச் சுற்றினார்.

சாயங்காலம் தெருவைக் கூட்டினார். “முள்ள வெட்டுன எடத்துல சாமி வெளிப்பட்டிருக்கு! பாருங்கய்யா! சாமி இருக்கிற எடத்துல நாயா?”

ஆன்சி டீச்சர் கல்லைப் பார்த்தார். பால்பாண்டியின் மஞ்சள் விரல்களையும் பார்த்தார். “சாமி விஷயத்துல நான் தலையிட மாட்டேண்ணே” என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். டாக் பார்க் வேலை நின்றது.

அன்றைக்குத்தான் பால்பாண்டி கடைசியாக நிம்மதியாகத் தூங்கினார். வெள்ளிக்கிழமை நாற்பது பெண்கள் வந்து பொங்கல் வைத்தார்கள். புகை மொத்தமும் அவர் வீட்டுக்குள் வந்தது. சாமியை முதலில் கண்ட புண்ணியவான் என்று அவர் வீட்டு மொட்டைமாடியிலேயே, அவர் வீட்டுக் கரண்ட்டிலேயே ஸ்பீக்கர் கட்டினார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் அது அலற ஆரம்பித்தது. இதற்கு நாய்களே தேவலை என்று தங்கப்பொண்ணு முனகினாள்.

கண்மாய்க்கரை முனியாயி பூக்கூடையோடு வந்து அவர் கேட்டை ஒட்டியே கடை போட்டாள்.

“ஒங்க புண்ணியத்துல யாவாரம் நல்லா ஓடுதுண்ணே. எங்க மணி போனதுலருந்து வீட்டுல இருப்பே கொள்ளல. இந்தச் சாமிகிட்ட வந்து உக்காந்தா என்னமோ மனசு ஆறுது.”

மணி யார் என்று விசாரிக்கவும் விடாமல் ஸ்பீக்கர் அலறியது. இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று வாரம் பொறுத்தார். பிறகு யாருக்கும் தெரியாமல் வாடிப்பட்டிக்குப் போய், பழைய பஸ் சிநேகிதரான, உடுக்கையடித்துக் குறி சொல்லும் கோடாங்கி கருத்தக்கண்ணனைப் பிடித்தார்.

“சாமிக்கு இந்த எடம் பிடிக்கல, கண்மாய்க்கரைக்கே போகணும்ங்குது. இத மட்டும் சொல்லிருங்க.”

“அம்புட்டுத்தான மாப்ள? ஞாயித்துக்கிழமை வாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடியது. கருத்தக்கண்ணன் உடுக்கையை அடித்தார், ஆடினார், கண்ணை உருட்டினார்.

“என்னைய இப்படித் தனியா உக்கார வச்சுட்டீங்களேடா! எங்கடா என் வாகனம்?”

“சாமி, நீங்க யாரு சாமி?” என்று தங்கப்பொண்ணு பயபக்தியோடு கேட்டாள்.

“பைரவன்டா! கொண்டாங்கடா என் நாய்கள!”

உடுக்கை ஓய்ந்ததும் பால்பாண்டி அவரை ஓரமாக இழுத்துப் போனார். “என்னய்யா இப்படிப் பண்ணிட்ட?”

“நீங்க சொன்னதுலாம் ஞாபகம் இருந்துச்சு மாப்ள. அருள் வந்துட்டா வாய் நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குதே.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு, செவ்வந்தி நகரின் பதினேழு நாய்களும் கழுத்தில் மாலையோடு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன. சங்கமே திரண்டு நின்றது. சாமியைச் சிமெண்ட் பீடத்தில் ஏற்ற இருவர் கடப்பாரையோடு தோண்ட ஆரம்பித்தார்கள். ஆன்சி டீச்சர் நோட்டைப் புரட்டி, பழைய பக்கம் ஒன்றை எடுத்தார்.

“அண்ணே, அந்த மீசை சமாச்சாரம்...”

பால்பாண்டிக்கு வயிறு வலித்தது. இருந்தாலும் விடுவதாக இல்லை.

“எதுக்கு எடுக்கணும்? வந்திருக்கிறது சாமியோட வாகனம் டீச்சர்! இந்த எடத்துக்குள்ள நாய் சம்பந்தமா ஒரு துரும்பு இதுவரைக்கும் வந்ததில்ல. நான் இருக்கிற வரைக்கும் வரவும் வராது. எழுதிக்கங்க!” என்று, தன் வீட்டுக் கேட்டுக்கு உள்ளே நின்றபடியே மீசையை முறுக்கினார்.

அந்த நேரத்தில்தான் கல் மேலே வந்தது. ஒட்டியிருந்த மண் உதிர்ந்து, அடியில் பச்சைப் பெயிண்ட் பூ தெரிந்தது. முனியாயி பூக்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அந்தக் கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“அடியாத்தீ! இதத்தானண்ணே ஒரு மாசமா கண்மாய் பூராத் தேடிக்கிட்டு இருக்கேன்... எங்க நாய் மணியப் பொதச்ச எடத்துல நான் பூ வரைஞ்சு நட்டு வச்ச கல்லுல்ல இது!”