கவிழாத படகும் கரையண்ணனும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை எத்தனையோ விசித்திரப் பிறவிகளைப் பார்த்திருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஏரியின் முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்த மனிதர், அங்கே முதல் புகைபோக்கி எழுந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரே ஒருவர்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருடைய மில் அடையாள அட்டையில் இருந்தது. எங்களுக்கு அவர் கரையண்ணன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் மூன்று பேர் குடியிருந்தோம். நான் ஒரு பைப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். ரமணா வெல்டர், ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஊர்க்காரன். வயது வித்தியாசமே பார்க்காமல் எல்லாரையும் 'நைனா' என்பான். கரையண்ணன் இரும்பு உருட்டும் மில்லில் கிரேன் ஓட்டினார். ஜன்னல் வழியாகக் கரித்தூள் வந்து படிந்துகொண்டே இருக்கும் என்பதால் அறைக்குள்ளும் ரப்பர் செருப்போடுதான் திரிவோம். வீட்டுக்கார அம்மா வந்து முறைத்தாலும் கரையண்ணன் செருப்பைக் கழற்ற மாட்டார்.

மனிதருக்குத் தண்ணீர் என்றால் பயம். பயம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். தண்ணீர் லாரி எதிரே வந்தால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவார். குளிக்கும்போது வாளி ஒரு மூலையில் இருக்கும், இவர் எதிர் மூலையில் நின்று கையை எட்டி எட்டி மொண்டு ஊற்றிக்கொள்வார். ஐப்பசி மழையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் அன்றைக்கு ஷிப்டு கிடையாது. கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஊட்டாண்ட வெள்ளம் சார், வெளிய கால் வைக்க முடியல" என்று சூப்பர்வைசருக்குப் போன் போடுவார். சூப்பர்வைசர் அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார், அந்தத் தண்ணீரில் நடந்துதான் வேலைக்கும் போயிருப்பார்.

இத்தனைக்கும் அவர் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் குடும்பம். நடக்கப் பழகும் முன்பே படகில் ஏறியவர். ஓர் ஆடிக் காற்றில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அவருடைய படகு கவிழ்ந்தது. கூடப் போன மச்சான் கரையேறினார். இவரும் ஏறினார். அதற்குப் பிறகு இவர் தண்ணீரில் கால் வைக்கவில்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கு மேலே கிரேனில் உட்கார்ந்துகொண்டார்.

"நெருப்பு வந்தா தூரத்துலயே தெரியும்பா. தண்ணி அப்டி இல்ல. கம்முனு வந்து காலைப் புடிக்கும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிக்கத் தோன்றாது.

ரமணாவிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. அவனுக்கு கேம் என்றால் சுட வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தில் காடும் மலையும் இருந்ததை நம்பி, வேட்டை விளையாட்டு என்று நினைத்து ஒன்றை இறக்கினான். அதை இறக்குவதற்குள் எங்கள் இருவருடைய போன் டேட்டாவும் காலி. திறந்து பார்த்தால் பனி மூடிய மலை, வரிசையாக ஊசியிலை மரங்கள், நடுவில் கண்ணாடி போல ஓர் ஏரி. ஒரு மரவீடு, ஒரு படகுத்துறை, ஒரு படகு, ஒரு தூண்டில். எங்கோ ஒரு பறவை கத்தியது. எதிரி இல்லை, நேரக் கெடு இல்லை, தோற்கவும் வழியில்லை.

"இன்னா நைனா இது, சுடறதுக்கு ஒருத்தனும் இல்ல! டேட்டா பூரா பூடுச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு மூடப் போனான் ரமணா.

"மூடாதப்பா. அப்டியே உடு" என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது.

அவர் எழுந்து வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சம்மணம் போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். எந்தப் பொத்தான் எதற்கு என்று ரமணாவிடம் கேட்டுக்கொண்டு, அதில் வரும் மனிதனை ஏரிக்கரையில் உட்கார வைத்தார். பொழுது சாயும்வரை அவன் உட்கார்ந்தே இருந்தான், இவரும் உட்கார்ந்தே இருந்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான் கரையண்ணன்.

முதலில் கிண்டல் செய்த நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் அந்த ஏரிக்கு அடிமையாகிவிட்டோம். நாளெல்லாம் இரும்புச் சத்தம் கேட்டு வந்த காதுக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் அத்தனை இதமாக இருந்தது. மீன் பிடித்தால் தொப்பி வாங்கலாம், மரவீட்டுக்கு வர்ணம் அடிக்கலாம். பாறைக்குப் பக்கத்தில்தான் பெரிய மீன் வரும் என்பதைக் கண்டுபிடித்ததும் எனக்கும் ரமணாவுக்கும் சட்டையைப் பிடிக்கிற சண்டை. கரையண்ணன் நடுவில் புகுந்தார்.

"இதுக்குத்தான் எங்க ஊர்ல பாடுன்னு வச்சிகீறாங்க. ஏரியில அவனவன் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. இன்னைக்கு இந்த எடம் இவனுக்கு, நாளைக்கு அவனுக்குன்னு சீட்டு போட்டு முறை வச்சிப்போம். அத்த மீறி எறங்கினா ஊரே கேக்கும். குந்துங்கடா ரெண்டு பேரும்."

டம்ளரில் சீட்டு குலுக்கினார். பாறை, நாணல், படகுத்துறை என்று மூன்று இடங்கள் மூன்று பேருக்கும் முறை வைத்து மாறி மாறி வரும். கம்ப்யூட்டர் ஏரியில், பிடித்தாலும் தீராத மீனுக்கு, உலகத்திலேயே முதன்முறையாகப் பாடு வந்தது கும்மிடிப்பூண்டியில்தான். ரமணா ஒருநாள் முறை தவறித் தூண்டில் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டான். விசாரணை நடந்தது. எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அவனும் முனகிக்கொண்டே வாங்கி வந்தான்.

இதில் ஒரே பேஜாரு, கரையண்ணனின் முறை. பாறை அவருக்கு விழும் நாளில் எங்களைக் கிட்டே விட மாட்டார். தானும் தூண்டிலைத் தொட மாட்டார். சும்மா கரையில் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் ரமணாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீயும் புடிக்க மாட்ட, எங்களயும் உட மாட்ட. இது இன்னா நியாயம் நைனா?"

கரையண்ணன் சட்டென்று திரும்பிப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். "ஊர்லயும் இத்தான் கேக்குறாங்க" என்றார்.

அந்த வாரமே ஊரிலிருந்து அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, போன் செய்தார். கரையண்ணன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். போனைக் காதில் வைத்தால் சூடு ஏறுகிறது என்பார். அதனால் எங்களுக்கும் எல்லாம் கேட்டது.

"யோவ், கேட்டுக்க. வர்ற பாடு மொறையில நம்ம படகு எறங்கலன்னா சீட்டுலேந்து பேரை எடுத்துடுவாங்களாம். நானே போறேன்னு சொன்னேன். பொம்பளைக்குப் பாடு இல்லைன்னுட்டாங்க. நீ வந்து மொத வலை போட்டே ஆவணுமாம்."

"மச்சானைப் போவச் சொல்லு."

"அவனுக்குத்தான் அவன் பேரு கீதே. நம்ம ஊட்டுப் பேருக்கு நீதான் வரணும்."

"போனா போவட்டும்மே. மில்லு சோறு போடுதுல்ல?"

அண்ணி சொன்னார்: "உனுக்குப் போவட்டும். நாளைக்கு உன் புள்ள ஏரியாண்ட போய் நின்னா, உனக்கு இங்க எடம் இல்லைடான்னு தொரத்துவாங்கய்யா. அவன் இன்னா பாவம் பண்ணான்?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் ஷிப்டு முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றினார், கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார், கேம் மனிதனைக் கரையிலிருந்து எழுப்பினார். படகுத்துறைவரை நடத்தினார். படகில் ஏற ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தும்போது அவருடைய இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வலித்தது, நான் சொல்லவில்லை. படகு தண்ணீரில் நகர்ந்ததும் சட்டென்று இரண்டு காலையும் கட்டில்மேல் தூக்கிக்கொண்டார். முகமெல்லாம் வியர்வை. சிரிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏரியின் நடுப்பகுதிவரை போய் வந்தார். போன தூரத்தை ரமணா அன்றன்றைக்கு 'சேவ்' பண்ணி வைப்பான், மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. அப்போதுதான் ரமணாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கவுந்தா இன்னா ஆவும்?"

"இதுல கவுக்கவே முடியாது நைனா! நீ தகிரியமா போ!" என்றான் ரமணா பெருமையாக.

கரையண்ணன் முகம் செத்துவிட்டது. "கவுக்க முடியலன்னா அது படகா? இம்மாந்நாளு பொம்மையில உக்காந்துக்கினு கீறேனா?" என்று எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். லேப்டாப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். பாடு நெருங்கிக்கொண்டிருந்தது.

ரமணா துடித்துப்போனான். ஒரு விடுமுறை நாள் முழுக்க அந்தப் படகைக் கவிழ்க்கப் பார்த்தான். பாறையில் மோதினான். நாணலில் சொருகினான். அருவிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினான். அது என்னவோ ஊஞ்சல் மாதிரி அழகாக ஆடிவிட்டு நிமிர்ந்து நின்றது. "கவுந்து தொலையேன் சனியனே!" என்று அவன் லேப்டாப்பைப் பார்த்துக் கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசியில் அவன் மூளையில் ஒன்று உதித்தது. கரையண்ணனைக் காலைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்கார வைத்தான். மடியில் லேப்டாப்புக்குப் பதில் ஒரு தலையணை. லேப்டாப் எட்டத்தில், ஸ்டூல் மேலே. டேபிள் ஃபேன் முழு வேகத்தில் அவர் முகத்துக்கு நேராக. என் கையில் வாளியும் மக்கும்.

"படகு போவுது, பார்த்துக்கினே இரு நைனா" என்றான். பிறகு கட்டிலின் காலைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தான். நான் மொண்டு மொண்டு அவர் முகத்தில் அடித்தேன். ஃபேன் காற்றில் தண்ணீர் சாரலாகப் பறந்தது. அவர் கத்தினார். "டேய் வாணாண்டா! பாவிங்களா! உடுங்கடா!" கட்டில் ஒரு பக்கமாகத் தூக்கியது, அவர் தலையணையோடு தரையில், ஈரத்தில், குப்புற விழுந்தார்.

ஏதாவது ஆகிவிட்டதா என்று குனிந்தேன். அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. தன்னைச் சுற்றித் தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். அதில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"இப்போதான் படகு மாதிரி கீது" என்றார். "இன்னொரு தபா ஆட்டு."

கீழே சமையலறையில் ஒழுகுகிறது என்று வீட்டுக்கார அம்மா கரண்டியோடு மேலே வந்தபோது, கரையண்ணன் மறுபடி கட்டிலேறித் தலையணையை அணைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பது?

பாடு நாளில் மூன்று பேரும் பொன்னேரிவரை ரயில், அங்கிருந்து பஸ் என்று அவர் ஊருக்குப் போனோம். கரையில் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். அண்ணி மகனைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏரி முழுக்க வெயில். பனிமலையும் ஊசியிலை மரமும் இல்லை. கலங்கிய தண்ணீர், சேற்று வாடை, தூரத்தில் அனல்மின் நிலையப் புகை. ஆனாலும் அந்த கேமைச் செய்தவன் இந்த ஏரியையும் ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கரையண்ணன் செருப்பைக் கழற்றி மணலில் வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: இது அவர் ஊர் வழக்கம். ஏரியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கழற்றி வைத்திருந்தார்கள். அறையில் எங்களுக்குச் சேஷ்டையாகத் தெரிந்ததை அவர் மரியாதையாகவே செய்திருக்கிறார்.

தண்ணீரில் இறங்கினார். முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டார். படகு கைக்கெட்டும் தூரத்தில் ஆடியது. கை நீளவில்லை. கரையில் யாரோ, "வாணாம் உடுப்பா, அவனால ஆவாது" என்றார்கள். மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

கரையண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "ரமணா, இங்க சேவ் பண்ண முடியாதேடா" என்றார்.

ரமணாவுக்கு நீச்சல் தெரியாது. பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கி நடந்தான். படகின் மறுபக்கம் இடுப்புவரை வந்த தண்ணீரில் நின்று, படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, கட்டிலை ஆட்டிய மாதிரியே ஆட்ட ஆரம்பித்தான். "யார்றா இந்தப் பைத்தியம்?" என்று கரையில் கூச்சல். அவன் காதில் வாங்கவில்லை.

"சேவ் இல்ல நைனா. நான் கீறேன். ஏறு!"

நானும் இறங்கினேன். என்னிடம் மக்கு இல்லை, கையால்தான் தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தேன். கரையண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விளிம்பில் கை வைத்து ஏறினார். அவர் கழி ஊன்றிப் போனதையும், முதல் வலை விரிந்து விழுந்ததையும் அண்ணி பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார். வலையில் கொஞ்சம் இறாலும் ஒரு மடவை மீனும் வந்தன. பாடு சீட்டில் அந்த வீட்டுப் பேர் நிலைத்தது.

கொஞ்ச நாளில் மில்லை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார். ரமணா இன்னமும் கும்மிடிப்பூண்டியில்தான். நான் திருவள்ளூருக்கு வந்துவிட்டேன். அந்த கேம் இங்கே என் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அப்போது வைத்த முறையை நானும் ரமணாவும் இன்றுவரை மாற்றவில்லை.

கரையண்ணனுக்குப் பாறை விழும் நாளில் ரமணா அங்கே தூண்டில் போட மாட்டான். நானும் போட மாட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.