மறைவில்லா ஆண்டு

கடலுக்கும் மலைக்கும் நடுவே பொன்மேடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஆண்டுதோறும் அரசு ஒரு புத்தகம் வெளியிடும். முன்பாதியில் நிகழ்வுகள், பின்பாதியில் மறைவுகள். மன்னர் முடிசூடிய பத்தாம் ஆண்டில் புதிய ஆற்றுப்பாலத்தை அவரே திறந்துவைத்தார். அவருடைய ஊர்தி கரையேறியதும் பாலம் இடிந்து விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த நாற்பத்தொரு பேர் ஆற்றோடு போனார்கள்.

பத்தாம் ஆண்டுப் புத்தகத்தில் இது அழகாக இருக்காது என்று அமைச்சரவை கருதியது. 'இவ்வாண்டு எவரும் இறக்கவில்லை. இறந்ததாகச் சொல்வோர் சிறை புகுவர்' என்று சட்டம் வந்தது.

ஆற்றோடு போன மாடக்கண்ணுவின் மனைவி வெள்ளத்தாய், புத்தக அதிகாரி பரமகுருவிடம் போய் நின்றாள்.

"எம் புருசன் பேர எழுதுங்கய்யா. ஒரு வரி போதும்."

"எழுதியாயிற்று அம்மா. திறப்பு விழாவில் கலந்துகொண்டோர் பட்டியலில் இருக்கிறார்."

"கலந்துக்கிட்டவரு எப்பய்யா வீட்டுக்கு வருவாரு?"

"அது எமது துறையைச் சார்ந்ததன்று."

அவள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினாள். கிழித்தார்கள். மற்ற நாற்பது வீட்டாரும் ஒட்டினார்கள். இனிச் சுவர்களில் மன்னரின் பிறந்தநாள் வாழ்த்து மட்டுமே ஒட்டலாம், அதைக் கிழிப்பது ராஜதுரோகம் என்று அடுத்த சட்டம் வந்தது. புத்திசாலித்தனத்தில் அந்த அமைச்சர்களை மிஞ்ச ஆளில்லை.

மறுவாரம் தலைநகரமெங்கும் வாழ்த்துச் சுவரொட்டிகள். மேலே மன்னர் கும்பிட்டபடி பெரிதாகச் சிரித்தார். கீழே 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று வரிசையாக நாற்பத்தொரு சின்ன முகங்கள், பெயரோடு. காவலர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போனார்கள்.

செத்தவர்களின் முகம் மன்னருக்குத் தெரியாது. யாரும் அவருக்குக் காட்டியதில்லை. அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பிறந்தநாள் மேடையில், "எம்மை இத்தனை நேசிக்கும் இவர்களை அழையுங்கள். எம் கையால் சால்வை போர்த்துவோம்" என்றார்.

அமைச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் சிறை. பரமகுரு வியர்த்தபடி ஒலிபெருக்கியில் அழைத்தார்.

"மாடக்கண்ணு!"

யாரும் வரவில்லை.

"மாடக்கண்ணு!"

கூட்டத்தில் வெள்ளத்தாய் எழுந்தாள். "இன்னும் சத்தமாக் கூப்பிடுங்கய்யா. ஆத்துக்கடியில கேக்க வேண்டாமா?"

பரமகுரு ஒலிபெருக்கியை விட்டு விலகி நின்றார். கூட்டம் கூப்பிடத் தொடங்கியது. நாற்பத்தொரு பெயர்களையும், ஒவ்வொன்றாக, விடாமல். சிறையில் அத்தனை இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மன்னர் விரித்த சால்வையோடு நின்றுகொண்டே இருந்தார்.

அரச விழாவில் நடந்தது ஒன்றைக்கூட விடாமல் எழுத வேண்டும் என்பது அந்நாட்டின் பழைய விதி. அவ்வாண்டுப் புத்தகத்தில் மறைவுகள் பகுதி வெற்றுத்தாள்தான். நிகழ்வுகளின் கடைசிப் பக்கத்தில் மட்டும் நாற்பத்தொரு வரிகள் இருக்கின்றன. முதல் வரி இது:

'மாடக்கண்ணு. மன்னர் அழைத்தார். வரவில்லை.'