கேலக்ஸிக்கு ஒரு சேவிங்

உக்கடம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, கக்கத்தில் தலையணை. வெறும் பை என்றால் ஊருக்குப் போகிறான் என்று நினைப்பார்கள். தலையணையும் இருந்தால், வேலையோடு படுக்க இடமும் போய்விட்டது என்று டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

வேலை, ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது மூஞ்சியைச் சுத்தம் செய்வது மட்டும்தான். மாப்பிள்ளையின் பரு, தாய்மாமனின் தழும்பு எல்லாம் என் கையில் காணாமல் போகும். "எதா இருந்தாலும் மொழுமொழுன்னு இருக்கோணுங் தம்பி" என்பது முதலாளியின் சட்டம். அந்த மாதம் தாண்டினால், நான் படுத்துவந்த மாடி அறை எனக்கே என்றும் சொல்லியிருந்தார். (நானும் ஓரிடத்தில் நிலைப்பேன் என்று நம்பித் தொலைத்தேன்.)

பிரிசில்லா என்ற ஆராய்ச்சி மாணவி, கருத்தரங்கில் மாட்ட ஒரு பேனர் அடிக்கக் கொடுத்தார். நடுவில் ஒரு கோடு, காய்ச்சல் கண்டது போல ஏறி இறங்கியது. அதன்மேல் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலும் மேலும் கீழும் முடி முளைத்திருந்தது. முடியை வழித்தேன். கோட்டை நீவிவிட்டேன்.

மறுநாள் காலை பேனரை விரித்த பிரிசில்லா, மொழுமொழுவென்றிருந்த கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இந்தக் கோடு ஒரு கேலக்ஸியோடதுங்ணா. அதுக்கு நடுவுல கருந்துளை இருக்கு. அங்கிருந்து ஒரு தாரை நம்மளப் பார்த்துப் பீச்சியடிக்குது. அதோட காமாக் கதிர் திடீர் திடீர்னு ஏறி எறங்குறதத்தான் நான் இத்தன வருசமா பாத்துட்டு இருந்தேன்."

"முடியெல்லாம் அசிங்கமா இருந்துச்சுங்க..."

"அது முடி இல்லீங்ணா. அளந்தது எவ்வளவு முன்னபின்ன இருக்கலாம்னு காட்டுற கோடு."

மறுபடி அடிக்கலாம் என்றால், அன்று பார்த்து மாதாந்திர மின்தடை. அவருக்கோ கருத்தரங்கு தொடங்க நேரமாகிவிட்டது. மார்க்கர் பேனா கேட்டார்.

"நான் வரைஞ்சு தரட்டுங்களா?"

"நீங்க தொடாம இருந்தாப் போதுங்ணா."

தரையில் மண்டியிட்டு, போனில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு முடியாக வரைந்தார். கண்ணீர் ஒரு சொட்டு பேனரில் விழுந்தது. அதைத் துடைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

அவர் போனதும் முதலாளி மரியாதை குறையாமல் முடித்தார்: "ஏனுங் தம்பி, நாளையிலிருந்து நீங்க சிரமப்பட வேண்டாமுங்க."

"நீங்கதானுங்களே மொழுமொழுன்னு இருக்கோணும்னீங்க?"

"மூஞ்சிக்குச் சொன்னேனுங்க. ஆகாசத்துக்கா சொன்னேன்?"

கிணத்துக்கடவில் அக்கா வீட்டில் கதையைச் சொன்னபோது, சிரித்த சிரிப்பில் மச்சானுக்குச் சோறு புரையேறியது. இன்றைக்கும் வீட்டில் யாராவது தாடி வளர்த்தால், "நம்ம ஆளுகிட்ட உடு, கேலக்ஸிக்கே சேவிங் பண்ணிப்போட்டவன்" என்கிறார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அந்த மாடி அறை ஞாபகம் வரும். அதில் ஜன்னல் இருந்தது.

அக்கா வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மச்சான் சொல்லிவைத்து, ரோடு போடும் வேலையில் சேர்ந்தேன். கொதிக்கும் தார் ஜல்லியை நிரவுகிற கட்டையைக் கையில் கொடுத்து மேஸ்திரி சொன்னார்:

"ஏத்த எறக்கம் துளிகூடத் தெரியக் கூடாது கண்ணு. நல்லா வழிச்சு உடு."