வடைக்குள் ஏறாத காப்பர்

அளவுக்கு மீறிச் சந்தோஷமாக இருப்பவர்களை அடுப்படியிலும் ஆய்வகத்திலும் தனியாக விடக் கூடாது. உப்புப் போட்டோமா இல்லையா என்பது அவர்களுக்கே தெரியாது. நான் போட மறந்தது காப்பர். அதுவும் யார்? தாராவியில் பழைய வயரை உரித்துக் காப்பர் எடுத்து விற்கிற வீட்டின் மூத்த பெண்.

அப்போது செம்பூரில் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. மாணவி நான். என் வேலை போர்ஃபிரினோடு. அது வட்டமான ஒரு மூலக்கூறு, நடுவில் ஓட்டை. நம் ரத்தத்தில் அந்த ஓட்டைக்குள் இரும்பு உட்கார்ந்திருக்கிறது, இலையில் மக்னீசியம். (வீட்டில் உளுந்து வடையைக் காட்டித்தான் விளக்கினேன். அதற்குப் பின்னால் வருந்தினேன்.) உலோகம் லேசில் உள்ளே போகாது, நாள் கணக்கில் வாசலிலேயே நிற்கும். சில டிஎன்ஏ இழைகள் சுருண்டு மடிந்து, அந்த வட்டத்தைக் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தால் சீக்கிரம் நுழைந்துவிடும். அந்த டிஎன்ஏவைக் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்மேல் ஒட்டவைத்தால் வேகம் இன்னும் கூடும் என்பது என் கட்சி. பார்ப்பதும் சுலபம். புற ஊதா விளக்கில் போர்ஃபிரின் சிவப்பாக ஒளிரும், காப்பர் உள்ளே போனால் அணைந்துவிடும்.

இரண்டு வருடமாக என் கட்சிக்கு டெபாசிட் கூடக் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை எங்கள் வேலையை மதிப்பிட ஒரு குழு வருகிறது. காட்ட எதுவும் இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும், படிப்பும் அதோடு சரி.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் கலந்து, விளக்கைப் போட்டேன். ஐந்தே நிமிடம். சிவப்பு மங்கியது, இன்னும் மங்கியது, சுத்தமாக அணைந்தது. ஓடிப்போய் என் கைடு சாரை இழுத்து வந்தேன். மும்பை மாட்டுங்காவின் அக்ரஹாரத் தமிழ்க்காரர், பூனை மாதிரி நடப்பவர், அன்று அவரும் ஓடினார்.

"அஞ்சு நிமிஷமா? நன்னாப் பாத்தியோ?"

"நன்னாப் பாத்தேன் சார்." (பரபரப்பில் அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது.)

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி குழாயைப் பார்த்தார். "திங்கக்கிழமை இதைத்தான் முதல்ல காட்டப் போறோம்" என்றார். நான் வாசலுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

எங்கள் சந்தில் பத்தாம் வகுப்பு பாஸ் செய்தாலே பிளெக்ஸ் வைப்பார்கள். அப்பா விடுவாரா? ஞாயிறு காலை சந்து முனையில் தொங்கியது: 'டிஎன்ஏ மூலம் உள்ளே காப்பர் ஏற்றிய எங்கள் தங்கமே!' ஓரத்தில் தபால்தலை அளவில் நான். நடுவில் அப்பா, இரண்டு மாமாக்கள், எங்களையெல்லாம் விடப் பெரிதாக ஓர் உளுந்து வடை. போர்ஃபிரின் படம் பிளெக்ஸ் கடையில் கிடைக்கவில்லையாம். வடை ஓட்டையில் காப்பர் கம்பிச் சுருள் வேறு.

அதைவிடக் கொடுமை, அப்பா சாரையும் கூப்பிட்டிருந்தார். ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தவர் பிளெக்ஸை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். "ஸ்ட்ரக்சர் ஏறக்குறைய சரிதான்" என்றார். நாற்காலி போட்டு, தட்டில் நிஜ வடையும் வைத்தார்கள். அப்பா தொழில்முறையில் விசாரித்தார்.

"ஏளா, எம்புட்டு காப்பர் ஏத்துன?"

"கண்ணுக்கே தெரியாதுப்பா. தராசுல நிக்காது."

"அப்பம் ஏறுச்சுன்னு எப்படிச் சொல்லுத?"

உலகத்தின் எல்லா அறிஞர்களும் கேட்க வேண்டிய கேள்வி அது. நான் சிரித்து மழுப்பினேன். அந்த நேரம் பார்த்து அம்மா ஈரக்கையோடு வெளியே வந்தாள். என் வெள்ளைக் கோட்டை வாராவாரம் துவைப்பது அவள்தான்.

"ஏட்டி, ஒன் கோட்டுப் பையில இது கெடந்துச்சு. வேணுமா, தூரப் போடட்டுமா?"

சுண்டுவிரல் அளவில் ஒரு குழாய். மூடியில் ஒட்டிய டேப் பிரியவில்லை. மேலே என் கையெழுத்தில் 'காப்பர்'. சனிக்கிழமை புதிதாகக் கரைத்து, கைக்கு எட்டட்டும் என்று நானே பையில் போட்டது (செய்யக் கூடாது, செய்தேன்). அதைத் தவிர வேறு காப்பர் கரைசல் என்னிடம் கிடையாது.

சார் வடையைக் கீழே வைத்தார். "இதானே காப்பர்?"

"ஆமா சார்."

"அப்போ உள்ளே போனது எது?"

மாமாக்கள் இருவரும் நிமிர்ந்து பிளெக்ஸைப் பார்த்தார்கள். என் முகம் பிளெக்ஸில் இருந்ததைவிடச் சிறியதாகிவிட்டது. பக்கத்தில் தங்கம் இருந்தாலே போர்ஃபிரின் ஒளி மங்கிவிடும், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. காப்பர் இல்லாமல் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஒப்பீட்டுச் சோதனையை அப்பழுக்கில்லாமல் செய்திருக்கிறேன். செய்யாதது சோதனை மட்டும்தான்.

விளக்கிச் சொன்னேன். அப்பா யோசித்துவிட்டு, "தங்கம் பக்கத்துல நின்னா யாருக்குத்தான் வெளிச்சம் இருக்கும்" என்றார்.

சார் எழுந்தார். "நானும் கேக்கலையே. எனக்கும் சந்தோஷம் தலைக்கேறிடுத்து. கெளம்பு, இன்னும் பொழுதிருக்கு."

வடையைப் பாதியில் விட்டுச் செம்பூருக்கு ஓடினோம். இந்த முறை தங்கம் இல்லை, டிஎன்ஏ மட்டும். சார் பார்க்க, காப்பரை நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விட்டேன். டிஎன்ஏ இல்லாத குழாய் மசியவே இல்லை. டிஎன்ஏ இருந்த குழாய் மூன்று மணி நேரம் எடுத்து, நொண்டி நொண்டி, கடைசியில் அணைந்தது. நிறமாலைக் கருவியிலும் வைத்துப் பார்த்தோம், காப்பர் உள்ளேதான் இருந்தது. ஐந்து நிமிடம் தராத சந்தோஷத்தை அந்த மூன்று மணி நேரம் தந்தது. மறுநாள் குழுவிடம் இரண்டு கதையையும் சொன்னோம். சிரித்தார்கள், உதவித்தொகையை நீட்டித்தார்கள்.

பிளெக்ஸ் வீணாகவில்லை. இன்றும் மழைக்காலத்தில் வயர் மூட்டைகளை மூடுவது அந்த வடைதான். வீட்டில் நான் எந்த நல்ல செய்தி சொன்னாலும், வேலை கிடைத்தாலும் சரி, கேஸ் சிலிண்டர் வந்தாலும் சரி, முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்.

அதை என் வாய்மொழித் தேர்விலும் கேட்டார்கள். தேர்வாளர் முடித்துக்கொண்டு, "சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார். கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா எழுந்தார்.

"ஒரே கேள்வி சார். பிள்ள காப்பர் போட்டுச்சா?"

தேர்வாளர் விழித்தார். சார் எழுந்து, ரொம்ப மரியாதையாக, "போட்டா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்" என்றார்.

"அப்பம் சரி" என்று அப்பா உட்கார்ந்தார். எனக்குப் பட்டம் கிடைத்தது அப்போதுதான்.